எத்தனை வரிசை, நப்லா?

நப்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றபடி நல்ல பிள்ளைதான். யாராவது உதவி கேட்டால் ஓடி வருவாள். கேட்காவிட்டாலும் வருவாள். ஆனால் கை ஒரு வேலையைத் தொடங்கும் முன்பே அவளுடைய வாய் அந்த வேலையை முடித்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. மாத்தளையில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆறாம் தரத்துக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. லீவில் இருந்த வகுப்பாசிரியை புஷ்பவதி டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"பாப்பாவுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டான் பவித்ரன்.

"டொபி!" என்றான் றுஸ்தி.

"பல்லு முளைக்காத பாப்பாவுக்கு டொபியா?" வகுப்பே சிரித்தது.

நப்லா எழுந்து நின்றாள். "போர்வை கொடுப்போம். துண்டுத் துணிகளை இணைச்சு இணைச்சுத் தைக்கிற போர்வை. எங்க உம்மாக்கிட்ட வெட்டுத்துணி மூட்டை மூட்டையா கிடக்கு. பூப்போட்டது, புள்ளி போட்டது, எல்லாம் இருக்கு. நானே தைக்கிறேன்!"

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த வாகினி மட்டும் மெதுவாக அவளுடைய சட்டையை இழுத்தாள். "முழுசையும் நீ ஒருத்தி எப்பிடித் தைப்பாய்? பாதியை நான் தைக்கிறன்" என்றாள்.

வாகினி நப்லாவின் உயிர்த்தோழி. அவளுடைய அப்பா ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி மாத்தளைக்கு வந்த அரசாங்க உத்தியோகத்தர். அதனால் வாகினியின் பேச்சில் யாழ்ப்பாணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிகம் பேச மாட்டாள். சொன்னதைச் செய்வாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நப்லா ஓட்டமாக வீட்டுக்குப் போய், தையல் மெஷினுக்குப் பின்னால் கிடந்த மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளைத் துண்டுகள் இருந்தன. கையை விட்டுக் கிளறினாள். இன்னும் வெள்ளைத் துண்டுகள். அடியில் கொஞ்சம் நீலம்.

"உம்மா! பூப்போட்ட துண்டெல்லாம் எங்க?"

அவளுடைய உம்மா அபீபா மெஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். "பூ எங்கேர்ந்து வரும் மகள்? நான் தைக்கிறது பூராவும் ஸ்கூல் யூனிபோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை கவுன், நீலக் காற்சட்டை. இத்தனை வருஷமா இந்த வீட்டுலதானே இருக்கிறீங்க?"

நப்லாவுக்கு முகம் தொங்கிப் போனது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

உம்மா உள்ளங்கை அளவில் ஓர் அட்டை வெட்டிக் கொடுத்தார். அந்த அளவுக்குச் சதுரச் சதுரமாகத் துணியை வெட்ட வேண்டும். ஆறு சதுரம் சேர்ந்தால் ஒரு வரிசை. எட்டு வரிசை சேர்ந்தால் பாதிப் போர்வை. மற்றப் பாதிக்கான துணிகளை வாகினி ஒரு பையில் கொண்டு போனாள்.

"மெஷின் பக்கம் மட்டும் வரக்கூடாது. எனக்குத் தலைக்கு மேல ஓடர் இருக்கு" என்றார் உம்மா. ஆகவே எல்லாம் கைத்தையல்.

முதல் வரிசையை நப்லா ஒரே மூச்சில் தைத்தாள். இரண்டாம் வரிசையில் கொட்டாவி வந்தது. வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை, அதற்குப் பக்கத்தில் நீலம், திரும்பவும் வெள்ளை. நூலும் வெள்ளை. இவ்வளவு தைத்தும் ஒன்றும் தைக்காத மாதிரியே இருந்தது. மூலை மூலையாக ஏதோ பேனாக் கிறுக்கல் வேறு. அது வெளியே தெரியாமல் உட்பக்கமாகத் திருப்பித் திருப்பித் தைத்தாள்.

"நிறைய நாள் இருக்கு" என்று அவள் தன்னைத் தானே சமாதானப்படுத்தினாள். உம்மாவின் தங்கை சாச்சிக்குக் குழந்தை பிறந்தபோது நாற்பது நாள் கழிந்த பிறகுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் திரண்டு போய்ப் பார்த்தார்கள். புஷ்பவதி டீச்சர் வீட்டிலும் நாற்பதுதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போனாள்.

இடைவேளையில் வாகினி கேட்டாள். "எத்தனை வரிசை முடிஞ்சது? நான் ரெண்டு."

நப்லா தைத்திருந்தது ஒன்றரை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "மூணு" என்றது வாய்.

"மூண்டோ? கெட்டிக்காரி!" என்றாள் வாகினி.

நப்லாவுக்குக் காது இரண்டும் சுட்டன. குனிந்து சோற்றுப் பெட்டியைப் பார்த்தாள். இன்றைக்கே உட்கார்ந்து தைத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் அரை வரிசைதான் தைத்தாள். அதன் பிறகு அதுவும் இல்லை.

பிறகு வாகினி மூன்று என்றபோது நப்லா ஐந்து என்றாள். திங்கட்கிழமை வாகினி ஐந்து என்றபோது, "எனக்கு எட்டும் முடிஞ்சிடுச்சு" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். இனிமேல் கேள்வி வராது என்று ஒரு நிம்மதி. ஆனால் வாகினியின் முகம் வாடியதை அவள் பார்த்தாள். பார்த்ததால் அன்று பின்னேரம் விளையாட்டும் ருசிக்கவில்லை.

வியாழக்கிழமை வாகினி துள்ளிக்கொண்டு வந்தாள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரின்ர வீட்டை போறம். அப்பா கூட்டிக்கொண்டு போறாராம்."

"அடுத்த ஞாயிறா? அதுக்குள்ள நாப்பது முடியாதே!"

"நாப்பதோ? எங்கட ஆக்களுக்கு முப்பத்தொண்டுதானே. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பிறந்த துடக்குக் கழியுது. அதுக்குப் பிறகு ஆரும் போய்ப் பாக்கலாம். நான் இந்தச் சனிக்கிழமையே உங்கட வீட்டை வாறன். ரெண்டு பாதியையும் சேர்ப்பம், என்ன?"

"ஆ... சரி" என்றாள் நப்லா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மா தைத்த உடுப்புகளைக் கொடுக்க வெளியே போனார். நப்லாவுக்கு வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட்டுக்குத் தாள் ஒட்டும்போது கோதுமை மாவில்தான் பசை காய்ச்சுவார்கள். தாளை ஒட்டுகிற பசை துணியை ஒட்டாதா?

அவசர அவசரமாகப் பசை காய்ச்சினாள். சதுரங்களை வரிசை வரிசையாக ஒட்டினாள். தையல் இல்லாதது தெரியக்கூடாது என்று, ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் கீறினாள். தூர நின்று பார்த்தால் தைத்த மாதிரியே இருந்தது. அதை உம்மாவின் கண்ணில் படாமல் காய மெத்தையின் கீழ் விரித்துவிட்டு, அதன் மேலேயே அன்று படுத்தாள். தூக்கம் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை காலை வாகினி அப்பாவோடு வந்தாள்; அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். கையில் மடித்து வைத்த அவளுடைய பாதிப் போர்வை. எட்டு வரிசையும் முடிந்திருந்தன. தையல் ஒவ்வொன்றும் கடுகு மாதிரி, ஒரே அளவில் இருந்தது.

நப்லா அதைப் பார்க்கவில்லை. வாகினியின் விரல்களைப் பார்த்தாள். மூன்று விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"என்ன இது?"

"ஊசி குத்தினது" என்று வாகினி கையைப் பின்னால் மறைத்தாள். "நீ எட்டும் முடிச்சிட்டன் எண்டு சொன்ன அண்டைக்கு எனக்குச் சரியான வெட்கமாப் போச்சு. உன்னாலதான் போர்வை, என்னாலதான் சுணக்கம் எண்டு யோசிச்சன். பிறகு ஒவ்வொரு நாளும் விடிய வெள்ளன எழும்பித் தைச்சன். அம்மாட்டை பேச்சும் வாங்கினன்."

பொய் சொன்னது நப்லா. வெட்கப்பட்டது வாகினி. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது நப்லாவுக்கு. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். எப்போதும் முந்திக்கொண்டு பேசும் அந்த வாய், வேண்டிய நேரத்தில் மட்டும் பேசவில்லை.

"உங்கடதையும் எடுத்துக் காட்டுங்களேன் மகள்" என்றார் உம்மா. அவர் இன்னும் அதைப் பார்த்திருக்கவில்லை.

நப்லா மெதுவாக மெத்தையைத் தூக்கினாள்.

எறும்பு! சிவப்பு எறும்புகள் சுவரில் இருந்து கட்டில் வரைக்கும் நீளக் கோடு போட்டிருந்தன. கோதுமை மாப் பசையில் அவற்றுக்கு விருந்து. துணியைத் தூக்கியதும் ஒட்டிய சதுரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. சில மெத்தையின் அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

வாகினி கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்தாள். பென்சில் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எத்தனை வரிசை, நப்லா?" என்று கேட்டாள் வாகினி. "உண்மையா."

"ரெண்டு."

வாகினி சண்டை பிடிக்கவில்லை. தன்னுடைய பாதியை மடித்தாள். "நான் போட்டு வாறன் அன்ரி" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலில் நின்ற அப்பாவிடம் போய்விட்டாள். அவள் நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட நப்லாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உம்மா விளக்குமாற்றை எடுத்து நப்லாவின் கையில் கொடுத்தார். "நாளைக்கு ரொட்டி சுட வச்சிருந்த மா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டிப் பெருக்கும்போது நப்லா அழுதாள். அழுதுகொண்டே யோசித்தாள். உம்மாவிடம் கெஞ்சினால் மெஷினில் ஓர் அரை நாளில் அடித்துத் தருவார். ஆனால் அதை வாகினியிடம் எப்படி நீட்டுவது? இதை நான் தைத்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் தைக்கவில்லை என்று சொன்னால், அந்த மூன்று பிளாஸ்டருக்கு என்ன பதில்?

"நானே தைக்கணும்" என்று தனக்குள் சொன்னாள். இந்தத் தடவை யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

முதலில் பசையைப் போக்க வேண்டும். சதுரங்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றாகக் கொடியில் காயப் போட்டாள். வெயில் அடித்தபோது மூலைகளில் இருந்த பேனாக் கிறுக்கல் தெளிவாகத் தெரிந்தது. அது கிறுக்கல் இல்லை, எழுத்து.

"றுஸ்தி" என்றது ஒரு துண்டு. "அன்ஸாப்" என்றது அடுத்தது. "பவித்ரன்" என்றது ஒரு நீலத் துண்டு.

"உம்மா! இதுல ஏன் எங்க வகுப்புப் பிள்ளைகள்ட பேர் இருக்கு?"

"எல்லாரும் கொண்டு வார துணி ஒரே வெள்ளைதானே மகள். ஆளுக்காள் மாறிப் போயிடும். அதனாலதான் ஓரத்துல பேரை எழுதி வைக்கிறேன். தைச்சு முடிஞ்சா அந்த ஓரம் வெட்டுத்துணியில விழும்."

நப்லா கொடியைப் பார்த்தாள். அவளுடைய வகுப்பே அங்கே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் துண்டுகளைப் பாயில் பரப்பி, யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்தாள். வகுப்பில் எந்நேரமும் தூங்கி வழிவது அன்ஸாப். அவனைத் தூங்க விடாமல் கிச்சுக்கிச்சு மூட்டுவது றுஸ்தி. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மற்றவர்களை மறைக்கும் நெட்டைப் பவித்ரனைக் கடைசியில் வைத்தாள். இப்போது பேர்கள் வெளியே தெரியும்படி தைத்தாள். அடுத்து யார் வருவார் என்று பார்க்கிற ஆசையில் கை கொஞ்சம் வேகமாக ஓடியது.

அதற்காக வேலை இனித்தது என்று நினைத்துவிட வேண்டாம். விரல் வலித்தது, முதுகும் வலித்தது. பேர் இல்லாத துண்டுகள் வரும்போது கொட்டாவியும் வந்தது. அப்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டர் விரல்கள் நினைவுக்கு வரும். மறுபடி நூலைக் கோர்ப்பாள்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் றுஸ்தி சத்தமாகக் கேட்டான். "நப்லா, போர்வை ரெடியா? எட்டு வரிசையும் முடிச்சிட்டதாச் சொன்னியே!"

எல்லாரும் திரும்பினார்கள். வாகினி மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று நப்லாவுக்குப் புரிந்தது. ரெடி என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குத் தப்பிவிடலாம்.

அவள் எழுந்து நின்றாள். அன்றைக்குக் கைதட்டல் வாங்கின அதே இடம்தான்.

"முடியல்ல. நான் பொய் சொன்னேன். வாகினி அவளோட பாதியை முழுசா முடிச்சிட்டா. என்னோடதுல ரெண்டரை வரிசைதான் இருக்கு."

"ஊ..." என்று பின்னால் யாரோ கத்தினார்கள். நப்லா உட்கார்ந்தாள். முகம் நெருப்பாக எரிந்தது. ஆனாலும் இனி யார் கேட்டாலும் பயமில்லை.

இடைவேளையில் வாகினி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. நப்லாவே போய், "இன்னைக்கு மூணேகால்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

புதன்கிழமை வாகினி தலையை நிமிர்த்தாமல், "அஞ்சோ?" என்று கேட்டாள்.

"இல்ல. நாலு."

"முந்தி எண்டால் ஆறு எண்டிருப்பாய்" என்றாள் வாகினி. அவளுடைய உதட்டில் ஒரு மூலை மட்டும் சிரித்தது. நப்லாவுக்கு அந்த ஒரு மூலையே போதுமாக இருந்தது.

"மிச்சத்துக்கு நானும் கை தரட்டோ?"

"வேணாம். உன் விரலைப் பாரு. நீ சும்மா வந்து என் பக்கத்துல இருந்தாப் போதும்."

சனிக்கிழமை வாகினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஊசிகளுக்கு நூல் கோர்த்துக் கோர்த்து வைத்தாள். பின்னேரம் ஆனது. நப்லா நிமிர்ந்து சொன்னாள். "ஏழு."

இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். வாகினியின் அம்மா கொடுத்துவிட்ட பழைய பருத்திச் சேலையைப் பின்பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். எட்டாவது வரிசைக்கு நேரமில்லை. வாகினியின் பாதி நீளமாகவும் நப்லாவின் பாதி கட்டையாகவும் இருந்தன.

நப்லா அலுமாரியைத் திறந்து, தான் போன வருஷம் போட்ட வெள்ளை கவுனை எடுத்தாள். அதன் அடிப்பகுதியில் இருந்து ஒரு வரிசை அகலத்துக்கு நீளமாக ஒரே துண்டாக வெட்டினாள். அந்த ஒரு துண்டை எட்டாவது வரிசையின் இடத்தில் வைத்துத் தைத்தாள்.

"வித்தியாசமாத் தெரியுமே" என்றாள் வாகினி.

"தெரியட்டும்" என்றாள் நப்லா.

அன்று உம்மா தன்னுடைய வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, சேலையை வைத்து ஓரங்களை மெஷினில் அடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரம் மாமாவோடு நப்லா, வாகினி, றுஸ்தி, அன்ஸாப் நாலு பேரும் தம்புள்ளை பஸ்ஸில் ஏறி நாலந்தாவில் இறங்கினார்கள். டீச்சரின் வீட்டில் பாப்பா கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. டீச்சர் போர்வையைக் கட்டிலில் விரித்து, பாப்பாவை அதன் மேல் கிடத்தினார். பிறகு குனிந்து ஒவ்வொரு பேராக வாசித்தார்.

"அட, றுஸ்தி இங்க இருக்கான்! பக்கத்துல அன்ஸாப்! ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தும் சத்தம் போடாம இருக்கிறத இன்னைக்குத்தான் நான் பார்க்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரின் விரல் நப்லாவின் பாதியில் கடைசி வரிசையில் வந்து நின்றது.

"இது மட்டும் ஏன் ஒரே துண்டா இருக்கு?"

வாகினி அவசரமாக, "அது டிசைன், டீச்சர்" என்றாள். தோழியைக் காப்பாற்ற அவள் சொன்ன முதல் பொய்.

நப்லாவின் காது மறுபடியும் சூடானது. ஆனால் இந்தத் தடவை அவள் குனியவில்லை. "டிசைன் இல்ல டீச்சர். நான் ஒழுங்காத் தைக்காம, தைச்சேன்னு பொய் சொன்னேன். வாகினி அதை நம்பிக் கஷ்டப்பட்டா. பிறகு நான் தைக்க நேரம் போதல்ல. அது என்னோட பழைய கவுன்."

டீச்சர் அவளைக் கிட்டக் கூப்பிட்டார். "அப்ப இதுல பேர் எழுதவே தேவையில்ல" என்று சொல்லி, நப்லாவின் தலையைத் தடவினார். "யாரோட வரிசைன்னு எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் பாப்பா காலை உதைத்தது. உதைத்து உதைத்து அந்தக் கடைசி வரிசைப் பக்கமாக நகர்ந்தது. பிறகு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, சர்ரென்று மூத்திரம் போனது.

"ஐயோ, புதுப் போர்வை!" என்று கத்தினான் றுஸ்தி.

டீச்சர் சிரித்துக்கொண்டே பாப்பாவைத் தூக்கினார். எல்லாரும் ஓடி வந்து குனிந்து பார்த்தார்கள். நப்லாவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் அவள் இப்படிச் சிரிக்கவே இல்லை.

வாகினி அவளை முழங்கையால் இடித்தாள். "எத்தனை வரிசை நனைஞ்சது, நப்லா?"

நப்லா விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "என்னோடது. உண்மையா!"